சந்தனம் அப்பிய மூடி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர் கட்டையான ஆள். ஏறுமுன் பானெட்டை ஒரு தட்டு தட்டுவார். நான் மூட்டை ஏற்றுகிறவன்.

ஆயுத பூஜைக்குப் பிறகு லோரி மக்கர் செய்தது. நன்றாக ஓடும், தானா ராத்தா டவுனுக்கு ஏறும் மேட்டில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பும். பிளக், வயர் எல்லாம் மாற்றிப் பார்த்தார்.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்தார்.

"நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வந்து லோரிய எடுத்துக்குவான். நீ புல்லு வெட்டப் போ."

"லோரி சாகலே லா. நான் எறங்க மாட்டேன்."

அன்றும் மேட்டில் நின்றது. பெட்ரோல் எண்ணெய் இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. உடனே லோரி கிளம்பியது. மூடியில் காற்றுப் போகும் ஓட்டையை அவர் அப்பிய பூஜைச் சந்தனம் அடைத்திருந்தது.

நேராக ஆபீஸ் வாசலில் நிறுத்தி, நடந்ததைச் சொன்னார்.

கிராணி சிரித்தார். "சாமி கும்பிட்டே லோரியக் கொல்லப் பாத்தியே! இனிமே சந்தனம் வைப்பியா?"

"வைப்பேன் கிராணி. லோரியும் ஓடும்."

மறு வருஷமும் மூடி நிறைய அப்பினார். அடைக்காமலிருக்க ஓட்டையில் மட்டும் ஒரு தீக்குச்சி. கிராணி வந்து பார்த்த பிறகுதான் அதை உருவினார்.

அந்தச் சந்தனத்தைச் சாமிக்கு வைத்தாரா, கிராணிக்கு வைத்தாரா, எனக்கு இன்னும் தெரியவில்லை.