மணிக்குக் கீழே பிடித்த கை

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து ஒழுங்கில்லாவிட்டால் கோவிக்க வேண்டாம். மறதியும் வந்திட்டுது. வெள்ளவத்தையில சனிக்கிழமைகளில பேச்சு வராத பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் வகுப்பு எடுக்கிற மிஸ், "அம்மா, நீங்க கதைக்கக் கூச்சப்படுறீங்க. எழுதியாவது தாங்கோ, சின்னத் தாய்மார் வாசிக்கட்டும்" என்று கேட்டதால எழுதுறன்.

அப்ப கொட்டாஞ்சேனையில, மாதா கோயிலுக்குப் பின் ஒழுங்கையில இருந்தனாங்கள். மகளுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரயில்லை. சட்டைப் பொத்தான்களை நிலத்தில வரிசையா அடுக்குவாள். கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போயிடுவாள். வெளியில போகேக்க மட்டும் என்ட சுண்டுவிரலைப் பிடிச்சுக்கொண்டு வருவாள். வேற ஒருவரையும் பிடிக்க மாட்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னா, "நீ குடுக்கிற செல்லத்தில அவள் ஏன் வாய் திறக்கப்போறாள்? நேர்த்தி வைச்சுத் திருநாளன்று மணிக்குக் கீழ நிப்பாட்டு. சத்தம் உள்ள போனா நாக்குப் பிரளும்."

நம்பினன். திருநாள் பூசை முடிய அவளை மணிக்கூண்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போனன். என்ட அண்ணாவும் கூட வந்தவர். மணி அடிக்கத் தொடங்க அவள் காதைப் பொத்தினாள். நான் இரண்டு கையையும் இழுத்துக் கீழே பிடிச்சு வைச்சிருந்தன்.

"விடு தங்கச்சி, பிள்ளை நடுங்குது" என்றார் அண்ணா.

விடயில்லை. பாதியில விட்டால் நேர்த்தி பலிக்காது என்று நினைச்சன்.

பேச்சு வரயில்லை. அன்றையிலிருந்து என்ட விரலையும் அவள் பிடிக்கயில்லை.

ஓட்டிசம் என்ற சொல்லை அவளுக்கு நாற்பது வயது தாண்டின பிறகுதான் கேள்விப்பட்டன். பொரளையில ஒரு டொக்டர் சொன்னார்: "இது செல்லத்தால வாறதில்லை அம்மா. பிறவியிலேயே அப்பிடி. சில பேருக்குச் சத்தம் நோகும்." பஸ்ஸில வீடு வரும்வரைக்கும் அந்த நோகும் என்ற சொல்லைத்தான் நினைச்சுக்கொண்டு வந்தன்.

இப்ப வகுப்பில படம் காட்டிக் கேட்கப் பழகியிருக்கிறாள். கோப்பைப் படம் தந்தால் தண்ணி. காதுப் படம் தந்தால் நான் உடனே ரேடியோவை நிப்பாட்டுவன். அந்தப் படங்களுக்குள்ள கை பிடிக்கிற படமும் ஒன்று இருக்கு. அதை அவள் இன்னும் எடுக்கயில்லை. நானும் எடுத்துக் குடுக்கிறதில்லை.

பிள்ளை காதைப் பொத்தினால் பொத்த விடுங்கோ. எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

மணி ஏழு தரம் அடிச்சது என்றுதான் எனக்கு ஞாபகம். கூடவும் இருக்கலாம். அண்ணா நீர்கொழும்பில இருக்கிறார். மிஸ், அவரிட்ட ஒருக்காக் கேட்டு, நான் எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தனான் என்று சரியாப் போட்டுவிடுங்கோ.