சாபம் போடாத சூனியக்காரி

மோர்வென்னா டிரஜன் பத்தொன்பது வருஷமாக இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரே தடத்தில் பேருந்து ஓட்டிவந்தாள். ட்ரெவாலன் துறைமுகத்தில் கிளம்பி, முக்கி முனகி மேட்டுச் சாலை ஏறி, பள்ளிக்கூடம், டாக்டர் வீடு, சந்தை என்று நின்று நின்று போய்த் திரும்பும் தடம். ஐம்பத்தாறு வயது, பருத்த உடம்பு, குட்டை முடி. பூனை பக்கத்தில் வந்தால் தும்மல். முதல் பதினெட்டு வருஷம் அவளை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதன்பின் ஒரு விடுப்புப் படிவம் அவளைச் சூனியக்காரி ஆக்கியது.

ஒவ்வோர் அக்டோபர் கடைசி நாளும் அவள் விடுப்பு எடுப்பாள். காரணம் என்ற இடத்தில் பல்வலி என்று எழுதுவாள். அந்தக் கணக்குப்படி வாயில் ஒரு பல்லும் மிஞ்சியிருக்கக் கூடாது. அந்த வருஷம் பொய் அலுத்துப்போய், "மதப் பண்டிகை, விக்கா" என்று உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

டிப்போ மேலாளர் பாஸ்கோ படிவத்தை இரண்டு முறை படித்தார். "விக்கான்னா என்ன கண்ணு? இந்தப் பிரம்பு நாற்காலிய விக்கர்னு சொல்வாங்களே, அது பின்றதா?"

"இல்ல சார். சூனியக்காரிங்க மதம்னு சொல்வாங்களே, அது."

"ஓ," என்றார் பாஸ்கோ. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை முதல் நடையிலேயே ஒருவர் கேட்டார்: "என்ன மோர்வென்னா, பறக்கிற துடைப்பம் ரிப்பேரா? பஸ்ல வந்திருக்கே?" அவள் சிரித்தாள். பத்தாவது ஆள் கேட்டபோதும் சிரித்தாள். நாற்பதாவது ஆளுக்குப் பயணச்சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தாள்.

ஊர்ச் சபைத் தலைவர் டென்சில் ரோஸ்வியர் சிரிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் போகும் வண்டியைச் சாத்தானை வணங்குகிறவள் ஓட்டலாமா என்று மனு தயாரித்து நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கினார். ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டு, அவளையும் வரச் சொன்னார். தேவாலயத் திருவிழாவுக்குக்கூட அத்தனை கூட்டம் வந்ததில்லை.

"சாத்தானைக் கும்பிடுறியா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லும்மா," என்றார் ரோஸ்வியர்.

"சாத்தான் உங்க ஆளு சார். உங்க புத்தகத்துலதான் இருக்காரு. எங்ககிட்ட அவரு கிடையாது. இல்லாத ஆள நான் எங்க போயி கும்பிட?"

"பச்சைக் குழந்தையை..." என்று பின்வரிசையில் ஒரு குரல் இழுத்தது.

"நான் மீனே சாப்பிடறதில்ல."

கூடம் கொஞ்சம் சோர்ந்தது. லண்டனிலிருந்து குடிவந்து மந்திர சக்தி உண்டென்று படிகக் கல் விற்கும் கடை வைத்திருந்த அரமிண்டா மட்டும் கண்கள் மின்ன எழுந்தாள். "இது ஆயிரமாயிரம் வருஷத்து ரகசியம் இல்லையா? உங்க பாட்டிக்குப் பாட்டிகிட்டேருந்து வந்ததுதானே?"

"எங்க குடும்பத்துல எல்லாரும் மெதடிஸ்ட் சபைக் கிறிஸ்தவங்க. இந்த மதம் வெளியில தெரிஞ்சே எழுபது, எண்பது வருஷம்தான் ஆகுது. பழைய சங்கதிங்கள எடுத்துச் சேர்த்துக் கட்டினது. நான் சேர்ந்தது நூலகத்துல ஒரு நோட்டீஸ் பாத்து."

அரமிண்டா ஏமாந்துபோய் உட்கார்ந்தாள்.

"காட்டுல துணியில்லாம ஆடுறீங்களாமே?" என்று ரோஸ்வியர் கேட்டபோது, கூட்டம் கேட்க வந்த கேள்வி இதுதான் என்று நாற்காலிகளின் சத்தத்திலேயே தெரிந்தது.

"அப்படி ஆடுறவங்களும் இருக்காங்க சார். நாங்க அஞ்சு பேரு. ஒருத்தங்களுக்கு இடுப்பெலும்பு மாத்தியிருக்கு. இந்தக் கடல்காத்துல ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நின்னு, மெழுகுவத்தி ஏத்துவோம். அது அணையும். திரும்ப ஏத்துவோம். அப்புறம் கேக் சாப்பிட்டுட்டுக் கலைஞ்சிடுவோம்."

இதற்குப் பிறகுதான் மனு நிறைவேறியது. மன்னிக்க முடியாத குற்றம் சூனியமா, சுவாரஸ்யமின்மையா என்பதை யாரும் பதிவு செய்யவில்லை. விசாரணை முடியும்வரை அவள் வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனி எழுதியது. அந்தத் தடத்துக்கு வேறு ஓட்டுநர் இல்லை என்பது மனுவில் கையெழுத்துப் போட்ட யாருக்கும் தோன்றாத ஒரு விவரம்.

ஒன்பது நாள் பேருந்து இல்லை. மோர்வென்னா வீட்டில் ஜன்னல் துடைத்தாள், இரண்டு தடவை அழுதாள், தோட்டத்தில் பூண்டு நட்டாள். வெளியே மழையில் ஊரே மேடு ஏறியது. ரோஸ்வியர் முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க இரண்டு மைல் நடந்து, டாக்டரிடம் போய்ச் சேரும்போது இரண்டு முழங்காலுக்கும் வைத்தியம் தேவைப்பட்டது. வண்டியை அவள்தான் சூனியம் வைத்து நிறுத்திவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. பத்தாம் நாள் இன்னொரு மனு போனது, அவளைத் திரும்ப அழைக்கச் சொல்லி. அதே நாற்பத்து மூன்று கையெழுத்து.

அவள் திரும்பி வந்த வாரத்திலிருந்துதான் உண்மையான தொல்லை. ஆளில்லாத நேரம் பார்த்து ஒவ்வொருவராக ஓட்டுநர் பக்கம் வந்து குனிந்தார்கள். மருமகனுக்கு ஒரு சின்ன சாபம். லாட்டரிக்கு ஒரு மந்திரம். பக்கத்துக் கடைக்காரனுக்கு எலித் தொல்லை.

ரோஸ்வியரும் வந்தார். "பக்கத்து வீட்டுல இருக்காளே தாமசின், அவ வேலி மரம் வளத்து வச்சிருக்கா. எனக்குக் கடலே தெரியல. மரம் லேசா வாடினா போதும். அவளுக்கு ஒண்ணும் ஆக வேணாம். ஏதாச்சும் ஆனாலும் பரவாயில்ல."

"யாருக்கும் கெடுதல் பண்ணாதேங்கிறதுதான் சார் எங்க முதல் விதி."

"அப்ப நீ என்ன சூனியக்காரி?" அவர் முகம் நிஜமாகவே சிவந்தது. "இதுக்கா நான் அவ்வளவு பயந்தேன்?"

"வெட்டுங்கன்னு அவங்கள ஒரு தடவ கேட்டுப் பாத்தீங்களா?"

"பதினோரு வருஷமா பேச்சுவார்த்தையே இல்ல." அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

பிப்ரவரியில் தாமசின் அந்த மரங்களை வெட்டிவிட்டாள். தக்காளிக்கு வெயில் வேண்டுமாம். மறுநாள் ரோஸ்வியர் பேருந்தில் ஏறி, குங்குமப்பூ போட்ட பன் ஒன்றைக் காகிதப் பையில் வைத்து அவள் முன்னால் நீட்டினார். குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார்.

"நான் ஒண்ணுமே பண்ணல சார்."

"தெரியும், தெரியும். நீங்கள்லாம் அப்படித்தான் சொல்லணும்."

மேட்டின் உச்சியில், கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் பையைப் பிரித்தாள். பன் இன்னும் சூடாக இருந்தது. பாதியைத் தின்று முடிக்கும்வரை செய்யாத சூனியத்துக்குக் கூலி வாங்கிய குற்ற உணர்ச்சி இருந்தது. மீதிப் பாதியை அது இல்லாமலே தின்றாள்.