பதினாலாயிரம் கிலோமீட்டர்

பெரியப்பாவின் செல்போன் எப்போதும் சட்டைப்பையில்தான் இருக்கும். யாராவது பேச்சுவாக்கில் பெங்களூர் என்று சொல்லிவிட்டால் போதும், அதை வெளியே எடுத்துவிடுவார். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆகாய மார்க்கமாக எத்தனை தூரம் என்று அதில் ஒரு படம் சேமித்து வைத்திருந்தார். மகன், எனக்கு அண்ணன், சான் பிரான்சிஸ்கோவுக்கு வேலைக்குப் போனபோது தேடி எடுத்தது. "பதினாலாயிரம் கிலோமீட்டருங்க. நம்ம தக்காளி லோடு மெட்ராஸ் போயிட்டுத் திரும்பற நேரந்தான். ஒரே நாளு, பையன் வூட்டுக்கு வந்துருவான்" என்பார். மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் இதைக் கேட்டுக் காது புளிக்காத ஆள் இல்லை. "ஏரோப்பிளேன் வந்துருச்சுய்யா" என்று அவரைக் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதுவும் பெருமைதான்.

பெரியம்மா மட்டும் மசியமாட்டாள். "தூரத்தச் சொல்றதுல என்ன பெருமை, வர்ற நாளச் சொல்லுங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டால் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொள்வாள். முகம் தெரிகிற அழைப்பிலும் அப்படியேதான். திரையில் அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய காதும் கம்மலும்தான்.

போன வருடம் அவள் படுத்த படுக்கையானாள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதும் அண்ணன் அங்கிருந்து புறப்பட்டான். அதற்குள் பேச்சு நின்று, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பிள்ளை முகம் பார்க்கத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். துபாயில் விமானம் மாறும்போது அண்ணன் கூப்பிட்டான். "அம்மா காதுல வைங்கப்பா."

பெரியப்பா போனைத் தன் காதோடு பொத்திக்கொண்டார். "வேணாம் தம்பி. உன் கொரலு கேட்டா, வந்துட்டான்னு நெனச்சி உசுர வுட்டுருவா. நேர்ல வந்து பாலு ஊத்து." அண்ணன் கெஞ்சினான். நானும், "குடுங்க பெரியப்பா" என்றேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. பெரியப்பாமேல் மட்டும் கோபப்பட முடியவில்லை. அவளை இன்னும் ஒரு நாள் பிடித்து வைக்க அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

விமானம் சரியான நேரத்துக்கு வந்து இறங்கியது. பெங்களூர் நெரிசலில் நகர்ந்து நகர்ந்து ஓசூர் தாண்டி, ராயக்கோட்டை ரோட்டில் கார் வந்துகொண்டிருந்தபோது பெரியம்மாவின் மூச்சு நின்றது. கடலெல்லாம் தாண்டி வந்தவனுக்கு ஒரு மணி நேரப் பாதை மிச்சம் இருந்தது. வந்ததும் அண்ணன் பால் ஊற்றினான். அது உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. அப்பாவை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தியிருந்தால்கூடப் பெரியப்பா கொஞ்சம் தேறியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது மண்டியில் அவர் தூரக்கணக்கு சொல்வதில்லை. யாரும் கிண்டல் செய்வதுமில்லை. போன ஞாயிறு நான் போயிருந்தபோது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அண்ணன்தான். எடுத்தார். எழுந்து போய், சுவரில் மாலைக்குள் இருந்த பெரியம்மாவின் படத்தில், கம்மல் தெரிகிற இடத்தில் போனை வைத்து அழுத்தினார்.

"பேசு தம்பி. அம்மாவுக்குக் கேக்கட்டும்."

 "சாப்ட்டியாம்மா?" என்று அந்தப் பக்கம் அண்ணன் குரல் கேட்டது.