நாற்பதடிக் கிணற்றில் இரண்டு பேருக்கு ஒரு சிலிண்டர்

காலை ஆறரைக்குப் புதுச்சேரியில் பஸ் ஏறினோம். நான், என் தோழி ரோஸி, இரண்டு ஸ்கூபா சிலிண்டர்கள். கண்டக்டர் ஏற்றவே மாட்டேன் என்றார். கேஸ் இல்லை, வெறும் காற்றுதான் என்று ரோஸி சத்தியம் செய்தாள். காற்றுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிப்பது இதுதான் முதல் முறை என்று சிரித்தார்.

மூன்று மாதம் முன்பு, கடலுக்கடியில் என் வால்வு மக்கர் செய்து காற்று நின்றுவிட்டது. பக்கத்திலேயே இருந்த ரோஸியை மறந்து, பதறியடித்து மேலே வந்தேன். அதன் பிறகு இறங்கவே இல்லை. கடலடி எனக்கு உயிர். அதை ஒரேயடியாக விட்டுவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன். தன் ஊர்க் கிணற்றில் பழகலாம் என்று ரோஸி இழுத்து வந்துவிட்டாள்.

ஒன்பது மணிக்குச் செஞ்சி. கோட்டை மலையில் வெயில் ஏறியிருந்தது. ஷேர் ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர் போனால் ரோஸியின் ஊர். நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா, மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, கிணற்றருகே காத்திருந்தார். மழைக்குப் பிறகு கிணறு தளும்பிக் கிடந்தது.

பத்தரைக்கு இறங்கினோம். முப்பதடியில், வாயில் கவ்வும் ரப்பரைப் பிடித்திருந்த பட்டை அறுந்தது. ரப்பர் பல்லிடுக்கில் நிற்க, காற்றுக்குழாய் தனியே நழுவிக் குமிழியாய்க் கக்கியது. வாய் நிறையத் தண்ணீர். பாழாய்ப்போன பயம் வந்தேவிட்டது. ஆனால் இம்முறை என் கண் ரோஸியைத் தேடியது. காற்றில்லை என்று கழுத்தை அறுப்பதுபோல் காட்டினேன். தன் உதிரிக் குழாயை நீட்டினாள். இழுத்தேன். அடடா, என்ன ருசி! கைகோத்து, அவள் சிலிண்டரிலேயே மூச்சுவிட்டு, நிதானமாக ஏறினோம்.

மேலே தடதடவென்று சத்தம். நைனா ஆயில் இன்ஜினை ஓட்டிவிட்டிருந்தார்.

"ஒரேடியா கொமிழி வந்துது. இன்னா ஆச்சோன்னு பயந்துட்டேன். தண்ணிய எறச்சிட்டா நீங்க நின்னுக்கலாம்ல?"

இறைத்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"நாளிக்கு சாயந்திரம் ஆவும்" என்றவர், சொன்ன பிறகு தானே சிரித்துவிட்டார். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

புதுப் பட்டை மாட்டி, இரண்டு மணிக்கு நானாகவே மறுபடி இறங்கினேன். அரைமணி நேரம் உள்ளே சுற்றினோம். நைனா இன்ஜின் ஹேண்டிலைக் கையிலிருந்து இறக்கவே இல்லையாம்.

நாலரை பஸ்ஸுக்கு அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தோடு வந்தவர், கவலையாகக் கேட்டார்: "கடல்ல இப்டி ஆனா இன்னா பண்ணுவ? அதுக்கு நம்ம இன்ஜின் பத்தாதே."

ரோஸி இருக்கிறாள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்குகிறோம்.