பச்சை பஸ்ஸும் பிரேக் இன்ஸ்பெக்டரும்

மற்ற உத்தியோகங்களில் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஏதாவது ஒன்று நடக்கும். எங்கள் உத்தியோகத்தில் மட்டும் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. நடக்காத விபத்துக்கு யாராவது மாலை போடுவார்களா, சொல்லுங்கள்!

சர்க்கார் எனக்கு வைத்த பெயர் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர். ஜனங்கள் வைத்தது பிரேக் இன்ஸ்பெக்டர். அறுபதுகளில் செஞ்சிக்குக் கேம்ப் வருவேன். கோட்டைக்குப் போகிற ரோட்டோரப் பொட்டலில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்தால், சுற்றுவட்டாரத்து பஸ், லாரி எல்லாம் என் முன்னால் வந்து நின்றாக வேண்டும். ஒழுங்காக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ரேஷன் கடை, வரி வசூல் என்று ஊரார் வாயில் விழுகிற வேலை பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

இங்கே சொல்வதெல்லாம் ஒரே ஒரு பஸ்ஸைப் பற்றி. செஞ்சியிலிருந்து அனந்தபுரம் வழியாகப் பனமலைக்குப் போகும் பச்சை பஸ். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வேறு வண்டி கிடையாது. பனமலையில் ஏரிக்கரை மேலேயே ரோடு போகும். கரை முனையில் ஒரு திருப்பம். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் பள்ளம். கூரை வரைக்கும் ஆளை ஏற்றிக்கொண்டு அந்த பஸ் அங்கே திரும்புவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

கைபிரேக்

முதல் தடவை அந்த பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்தேன். கைபிரேக் இருந்தது. அதன் மேல் டிரைவரின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் எதிலும் மாட்டியிருக்கவில்லை.

டிரைவர் பெயர் அந்தோணிசாமி. நல்ல கை, நல்ல மனுஷன். "இன்னாய்யா இது?" என்று கத்தினேன். அவர் அசரவில்லை. கிளீனர் மாணிக்கத்தைக் கூப்பிட்டார். நாற்பது வயது ஆள், கக்கத்தில் ஒரு புளியங்கட்டை. வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போடுவதுதான் அவன் தொழில். அந்தோணிசாமி அவனைப் பெருமையோடு காட்டிச் சொன்னார்:

"கைபிரேக்குக்குக் காது கேக்காது சார். இவனுக்குக் கேக்கும்."

ஆயுத பூஜை

கைபிரேக்கை மாட்ட வைத்த கையோடு ஆயுத பூஜை வந்தது. பச்சை பஸ் ஜோடித்துக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. இரண்டு பக்கமும் வாழைமரம். பக்கவாட்டுக் கண்ணாடி எங்கே என்று தேட வேண்டும். ஹெட்லைட் மேல் கெட்டிச் சந்தனம். முன்கண்ணாடி முழுக்கச் சாமந்தி மாலை. போதாததற்கு மாணிக்கத்தின் கட்டைக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தார்கள்.

உள்ளே அந்தோணிசாமியின் மாதா படம் ஒரு புறம், முதலாளி மாட்டிய சரஸ்வதி படம் மறு புறம். "ரோடு தெரியுதாய்யா உனக்கு?" என்று கேட்டேன். "தெரியுது சார்" என்று மாலைக்கு நடுவே ஒரு கண்ணை வைத்துக் காட்டினார். எல்லாவற்றையும் பிய்த்து எறியச் சொன்னேன். பயணிகள் என்னைக் குடும்பத்தோடு சபித்தார்கள். அந்தோணிசாமி மட்டும் ஒவ்வொரு மாலையாக எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்:

"மாதா ஒரு பக்கம், சரஸ்வதி ஒரு பக்கம். நடுவுல எனக்கு ரெண்டு வெரல் எடம் உட்டிருந்தாங்க. அதையும் நீங்க கேட்டுட்டீங்க சார்."

சந்தை நாள்

அளவுக்கு மேல் ஆள் ஏற்றுகிறார்கள் என்று தெரியும். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று அனந்தபுரம் சந்தை நாளன்று ரோட்டோரம் புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தேன். பஸ் வந்தது. உள்ளே எண்ணி வைத்த மாதிரி, எத்தனை சீட்டோ அத்தனை ஆள். நானே அசந்துபோய்ப் போகச் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கொல்லை வரப்பு வழியாக ஒரு கூட்டம் வந்தது. மூட்டை, முடிச்சு, ஆட்டுக்குட்டி எல்லாம் இருந்தது. என்னைப் பார்த்துச் சிலர் கும்பிடு வேறு போட்டார்கள். அந்தப் பக்கம் திருப்பத்தில் பச்சை பஸ் இவர்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றது! கடைசியாக வந்தவள் காசியம்மா. தலையில் கோழிக்கூடை, வாயில் வெற்றிலை. "எதுக்கும்மா இறங்கி நடக்கிறீங்க?" என்று கேட்டேன். நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ இங்க குந்திக்கினு இருக்கன்னுதான் நடக்குறோம். அந்தாண்ட தள்ளிக் குந்தியிருந்தா இன்னும் கொஞ்ச தூரம் பஸ்ஸுலயே வந்திருப்போம் இல்ல?"

வாசனை

மலையனூர் தேர் நெருங்கியது. பனமலையிலிருந்து ஸ்பெஷல் விட வேண்டும் என்று பச்சை பஸ்ஸின் முதலாளி பக்கிரிசாமி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் கொண்டுவந்தார். நானே ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தால் வண்டி யோசித்து நின்றது. இறங்கியதும் சக்கரத்தருகே ஒரு வாசனை. பசி நேரம் வேறு. எங்கோ போண்டா சுடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து விரலை விட்டு மோந்து பார்த்தேன். மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய்! பிரேக் ஆயில் தீர்ந்துபோனதும், மனுஷன் சொந்த மில் எண்ணெயை ஊற்றிவிட்டார். உள்ளே ரப்பரெல்லாம் தயிர்வடை மாதிரி ஊறி உப்பிக் கிடந்தது. "எத்தனை உசுரு போகும் தெரியுமா? இந்த வண்டி ஓடக் கூடாது!" என்று கத்தினேன். பக்கிரிசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க மில்லு எண்ணெய் சார் அது! ஒரு சொட்டு கலப்படம் இருக்குதுன்னு காட்டுங்க, பாக்கலாம்!"

தண்ணியில்லாக் காடு

அன்றே அவர் பெரிய இடத்து ஆட்களைப் பார்க்கக் கிளம்பினார். போகும்போது, "தேருக்கு வண்டி ஓடலேன்னா உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று பொட்டலே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அவரால் முடியும் என்பது எனக்கும் தெரியும். மாற்றல் என்றால் சாமான் கட்டுவதும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடுவதும் யார் தலையில் விழும்? அதனால் வீட்டுக்குப் போய் மென்று விழுங்கிச் சொன்னேன். என் வீட்டுக்காரி அப்போதுதான் தெருக்கோடிக் கிணற்றிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"மாத்தட்டுமே. இங்க மட்டும் என்ன, காவேரியா ஓடுது? நீங்க கையெழுத்துப் போடாதீங்க."

தேருக்கு முந்தின நாள்

பக்கிரிசாமி திரும்பி வந்தார். கூடவே பாதி பனமலையும் வந்தது. "பழைய எண்ணெயை வடிச்சிட்டு நல்ல ஆயில் ஊத்திட்டேன். கையெழுத்தப் போடு" என்றார். ரப்பரை மாற்றினாரா? மாற்றவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "வாங்கய்யா, பக்கத்துல உக்காருங்க. வண்டி நின்னா கையெழுத்து" என்றேன். கூட்டத்துக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. ஏறி உட்கார்ந்தார்.

பொட்டலில் ஆளையெல்லாம் விலக்கிவிட்டு, சரிவில் மெதுவாகத்தான் விட்டேன். கோடியில் மல்லாட்டைக் கொடி மலை மாதிரி குவிந்திருந்தது. அதை நம்பித்தான் இந்தக் காரியமே. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. கைபிரேக்கை இழுத்தேன், சரிவில் அது போதவில்லை. பஸ் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "நிறுத்து, நிறுத்து!" என்று பக்கிரிசாமி அலறினார். "அதைத்தானய்யா பண்ணிக்கிட்டிருக்கேன்!" என்று நானும் அலறினேன். பின்னால் மாணிக்கம் கட்டையோடு ஓடிவருவது தெரிந்தது. அவன் வருவதற்குள் பஸ் கொடிப்போருக்குள் தலையை விட்டு நின்றது.

அந்தோணிசாமி ஓடிவந்து முதலாளியைக் கைத்தாங்கலாக இறக்கினார். பக்கிரிசாமி தலையில் ஒட்டியிருந்த கொடியைத் தட்டிவிடக்கூட மறந்து, என்னைப் பார்த்துப் பழையபடி மரியாதையோடு சொன்னார்:

"தேரு அடுத்த வருசமும் வரும் சார்."

நெற்றி

ஜனங்கள் மாட்டுவண்டியில் தேருக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம் எனக்குத்தான் அர்ச்சனை. ரப்பர், குழாய் எல்லாம் புதிதாக மாற்றி, நாலு பேரை வைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் பச்சை பஸ்ஸுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த கேம்புக்கு அந்தோணிசாமி ஓடி வந்தார். முந்தின சந்தை நாள், வண்டி நிறைய ஆள். பனமலை ஏரிக்கரைத் திருப்பத்தில் திரும்பினால், எதிரே ஒரு மல்லாட்டை வண்டி. நுகத்து மாடு நடுரோட்டில் படுத்துவிட்டிருக்கிறது. ஒதுங்க வழியில்லை. "மிதிச்சேன் சார். நின்னுச்சு. மாட்டு மூச்சு கண்ணாடியில அடிக்குற தூரத்துல நின்னுச்சு" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. இந்த உத்தியோகத்துக்கு வந்ததற்காக அன்றைக்குப் பெருமைப்பட்ட மாதிரி நான் என்றைக்குமே பெருமைப்பட்டதில்லை.

அவருக்குப் பின்னாலேயே காசியம்மா வந்துகொண்டிருந்தாள். கோழிக்கூடை இல்லை. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். அவள் மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

"ஏன்யா, இம்மாம் பிரேக்கு எவன் கேட்டான் உன்ன? பாரு என் நெத்திய! முன்னாடியெல்லாம் எவ்ளோ மெதுவா நிக்கும் தெரியுமா!"

என் சர்வீஸ் முழுக்க நான் வாங்கிய பதக்கம் அது ஒன்றுதான். ஆனால் அதைக் குத்திக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியது காசியம்மாவின் நெற்றி.