அத்தையின் பூண்டுப் பாத்தி

உலகத்தில் இதுவரை பூண்டு போட்டவர்கள் எல்லாரும் ஒத்திகைதான் பார்த்தார்கள். ஒழுங்காக விளைவித்தது அத்தை ஒருத்திதான். அவள் பாத்திக்குள் நுழையும் பூச்சிகூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழையும்.

தெருவுக்கே அவள் அத்தை. பகலெல்லாம் சலவைக்கடையில் இஸ்திரி போடுவாள். புருஷன் வேண்டாமென்று திரும்பி வந்தபோது, அண்ணன் தன் வீட்டின் பின்னறையைக் கொடுத்தார். கொடுத்ததை மாதம் ஒருதரம் சொல்லியும் காட்டினார். அந்த அறைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற அகலத்தில் மண் கிடந்தது. யாரும் சொல்லிக்காட்டாத இடம் அது ஒன்றுதான். அதில் பூண்டு போட்டாள்.

ஊரெல்லாம் நல்லதைத் தின்றுவிட்டு மிச்சத்தை நடும். அத்தை தலைகீழ். பருத்த பல் மண்ணுக்கு, சூம்பின பல் சட்டிக்கு.

"நமக்குச் சொத்தை, மண்ணுக்கு விருந்தா?" என்பாள் அண்ணி.

"மண்ணு வாங்கினதைத் திருப்பித் தரும் அண்ணி" என்பாள் அத்தை. மனுஷரைப் பற்றி எதுவும் சொல்லமாட்டாள்.

தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்று மண்ணை மேடாக்கி, கூர்முனை மேலே பார்க்க ஒவ்வொரு பல்லாக ஊன்றுவாள். களையைக் கையால்தான் பிடுங்குவாள். இந்த முறை தாளெல்லாம் விரல் கனத்துக்கு எழுந்து நின்றபோது, அண்ணன் ஸ்கூட்டர் வாங்கினார்.

"வண்டி நிறுத்த அங்க சிமென்ட் போடப்போறேன்."

"பூண்டை எடுத்துக்கறேண்ணே. அதுவரைக்கும் பொறுங்க."

"பொறுக்கிறேன். நான் என்ன அரக்கனா?"

பூண்டு முற்றும் பருவம் வந்ததும் அத்தை தண்ணீரை நிறுத்தினாள். அடித்தாள்கள் மஞ்சளாகிச் சாய்ந்தன. அப்படிக் காயவிட்டால்தான் உள்ளே இருக்கிற பூண்டு இறுகித் தோல் கட்டும். பெற்றவள் பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அண்ணனும் பார்த்தார். பயிர் பட்டுப்போய்விட்டது என்று அவரே தீர்ப்பு எழுதினார். கொத்தனாரைக் கூப்பிட்டார்.

அத்தை வேலை முடிந்து வந்தபோது பின்பக்கம் ஈரச் சிமென்ட் பளபளத்தது. பூண்டெல்லாம் தெருமுனைக் குப்பையில், மண்ணோடு மண்ணாக. பாதிக்கு மேல் மண்வெட்டி பிளந்தவை.

"செத்துப்போச்சுன்னு நெனச்சேம்மா" என்றார் அண்ணன். "கடையில நல்லதா வாங்கித் தரேன், விடு."

"உயிரோட இருக்கான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

"இருக்க இடம் கொடுத்தவனையே கேள்வி கேக்குறா பாரு!"

அத்தை தெருமுனைக்குப் போய்க் குப்பையிலிருந்து பூண்டைப் பொறுக்கி வந்தாள். பிளந்ததைக் கழுவி அண்ணியிடம் கொடுத்தாள். குழம்பு வாசம் தூக்குகிறதென்று அண்ணன் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். பிளக்காத பருத்த பூண்டுகளைத் தாளோடு முடிந்து, வெயில் படாத ஜன்னலில் தொங்கவிட்டாள். விதைக்கு. எங்கே நடுவாய் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டுபோய்ச் சலவைக்கடையில் அவளுக்கு வாசித்துக் காட்டியாயிற்று. அத்தை கை நிற்காமல் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்தாள்.

"அண்ணன் அண்ணன்னு ஊரான் மாதிரி எழுதியிருக்கியே. அவர் உனக்கு யாருடா?"

வாசித்தவன் தாளை மடித்தான்.

"அப்பான்னு எழுது" என்றாள். "எனக்குப் பின்னால ஒளிஞ்சுக்காதே."