அண்ணே, எடிட் ஆக்சஸ் கொடுங்க

முத்துக்குமரன் அண்ணன் போய்விட்டார். சனிக்கிழமை காலை நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

எங்கள் ஆபீஸில் டேட்டா மாடல் போடுகிறவர் அவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்... சாஃப்ட்வேர் எழுதுவதற்கு முன்னால், விவசாயி ஒரு பெட்டி, வயல் ஒரு பெட்டி, வாய்க்கால் ஒரு பெட்டி என்று வரைந்து, எது எதோடு சேரும் என்று கோடு இழுத்து வைக்கிற படம். அது தப்பானால் அதற்குப் பிறகு வருவது எல்லாமே தப்பு.

அதை அவரைப் போல வரைய எங்களில் ஆள் கிடையாது. வரைந்ததை அவரைப் போலக் குழப்பி வைக்கவும் ஆள் கிடையாது.

ஊரில் எல்லாரும் ஃபோல்டருக்குத் தேதி போடுவார்கள், கிளையன்ட் பெயர் போடுவார்கள். இவர் நாற்றங்கால், நடவு, களை, அறுவடை என்று வைத்திருந்தார். பாபநாசம் பக்கம் விவசாயக் குடும்பம், சரி... அதற்காக?

முதல் டிராஃப்ட் நாற்றங்காலில் இருக்கும். எல்லாரும் ஒத்துக்கொண்டால் நடவுக்குப் போகும். வேண்டாம் என்று தள்ளியது களை. முடிந்தது அறுவடை. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, நாங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண், வீடியோ மீட்டிங்கில் "ஃபைனல் வெர்ஷன் எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள். "அறுவடைக்குள்ள போய்ப் பாரும்மா" என்றார். போய்ப் பார்த்தாள். காலி.

"கிளையன்ட் நேத்து போன் பண்ணி மாத்தச் சொல்லிட்டாரும்மா. அறுக்கிற நேரத்துல மழை அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. மறுபடி நாத்து விட்டிருக்கேன், நாத்தங்கால்ல பாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கேமராவை ஆஃப் செய்துவிட்டேன்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆக்சஸ் கதை இருக்கிறதே...

எல்லா ஃபைலும் அவருடைய சொந்த அக்கவுண்டில். ஆபீஸ் டிரைவுக்கு மாற்றுங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். "ஆடி போகட்டும்" என்பார். ஆடி போனால் "பொங்கல் போகட்டும்."

எங்களுக்கெல்லாம் பார்க்க மட்டும் அனுமதி. திருத்த வேண்டுமானால் அவரிடம் கேட்க வேண்டும். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல, ஆளுக்கு ஒரு மணி நேரம் திறந்துவிடுவார். நேரம் ஆனதும் அடைத்துவிடுவார், நாம் பாதிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாலும்.

நான் அதிராம்பட்டினத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவள். உடனே போனை எடுப்பேன்.

"அண்ணே, என்னண்ணே இது, பாதியில புடுங்குறீங்க?"

"உன் முறை முடிஞ்சுது நசீமா. அடுத்து கார்த்தி கேட்டிருக்கான்."

"அவன் டீ குடிக்கப் போயிருக்கான்ணே!"

"வந்து பாக்கையில அவனுக்குத் தண்ணி இருக்கணும்ல?"

இப்படி ஒரு மனிதரிடம் என்ன பேசுவது? சத்தம்தான் போட முடியும். தினமும் போட்டேன். அவரும் சளைக்காமல் போட்டார்.

ஆனால் ஒன்று... ஒருவர் வரைந்ததை இன்னொருவர் தெரியாமல் அழித்துவிட்டார் என்ற பேச்சு எங்கள் டீமில் வந்ததே இல்லை. எரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஓர் உழவர் குழுவிலிருந்து போன் வந்தது. எங்கள் படத்தில் ஒரு வயலுக்கு ஒரு வாய்க்கால்தான் இருந்தது. கடைமடையில் சில வயல்களுக்கு இரண்டு வாய்க்காலிலிருந்து தண்ணீர் வருகிறதாம். புதன்கிழமைக்குள் திருத்தாவிட்டால் பழைய படத்தை வைத்தே புரோகிராம் எழுதுகிறவர்கள் வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வயல்காரர்கள் எங்கள் சாஃப்ட்வேரில் இரண்டாவது வாய்க்காலில் தண்ணீர் கேட்டுப் பதியவே முடியாது.

ஆக்சஸ் கேட்டு பட்டனை அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன். "நாளைக்குக் காலையில திறந்து விடுறேன்" என்று மெசேஜ் வந்தது.

காலையில் அவர் இல்லை.

சாவு வீட்டில் சாமியானாவுக்குக் கீழே மேனேஜர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாஸ்வேர்டு அவங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா நசீமா?" மனுஷன் இன்னும் வாசலில்தான் கிடக்கிறார்...

"நீங்களே போய்க் கேளுங்க சார்" என்றேன். வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

கோபம் மேனேஜர் மேல் இல்லை. என் மனதிலும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அழவும் விடாமல் இப்படி ஒரு சிக்கலில் மாட்டிவிட்டுப் போய்விட்டாரே என்று அண்ணன் மேல்தான் அத்தனை ஆத்திரமும்.

இன்று காலை அண்ணியே கூப்பிட்டார்.

"நசீமா, அவங்க போன்ல உன் பேரு வந்து நிக்குதும்மா. அனுமதி கேக்குறியாமே... என்னது அது?"

"ஒண்ணுமில்லண்ணி. அப்புறம் பாத்துக்கலாம்."

"அவசரமான்னு மட்டும் சொல்லு."

"...ஆமாண்ணி."

அண்ணன் போனைத் தமிழில்தான் வைத்திருந்தார். அண்ணி நிதானமாக வாசித்தார். "மூணு போட்டிருக்கு. பார்ப்பவர், கருத்துரைப்பவர், திருத்துபவர். எதை அமுக்கட்டும்?"

"கடைசி. திருத்துபவர்."

"அமுக்கிட்டேன். வந்துச்சா?"

படம் திறந்தது. எல்லாப் பெட்டியும் என் கைக்கு நகர்ந்தது. "வந்துடுச்சுண்ணி."

அண்ணி கேட்டார்...

"இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு பேரும் தெனம் அந்தக் கத்து கத்துனீங்க?"

ஆமாண்ணி. இதற்குத்தான்.

வயலுக்கு இரண்டாவது வாய்க்காலை இழுத்துவிட்டேன்.

போய் வாங்கண்ணே.